அவர் போட்ட கணக்கு என்ன?

பிப்ரவரி பிறந்துவிட்டால் அமெரிக்கப் பொது நூலகங்களில் சிறுவர் பகுதிக்குள் நுழைந்ததுமே ஒரு மேசை கண்ணில் படும். கறுப்பின வரலாற்று மாதத்துக்காக எடுத்து அடுக்கிய புத்தகங்கள் அதில் இருக்கும். விஞ்ஞானிகள், பொறியாளர்கள், மருத்துவர்கள், விண்வெளிக்குப் போனவர்கள் என்று கறுப்பினப் பெண்களைப் பற்றிய படப் புத்தகங்கள் இப்போது நிறையவே வருகின்றன. நல்ல தாள், அழகான ஓவியம், அட்டையில் தலையை நிமிர்த்தி நட்சத்திரங்களைப் பார்க்கும் ஒரு சிறுமி. வெர்ஜீனியாவில் ரிச்மண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நூலகத்தில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வாசித்துக் காட்டும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அதனால் இந்தப் புத்தகங்களை வாய்விட்டு, பக்கம் பக்கமாக, இடையிடையே கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு முன்னால் வாசித்திருக்கிறேன். இவை வர வேண்டும், இன்னும் நிறைய வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் வாசிக்க வாசிக்க ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது.

பெரும்பாலான புத்தகங்களுக்கு ஒரே அச்சு. முதலில் ஆர்வம் நிறைந்த ஒரு சிறுமி. அப்புறம் "உன்னால் முடியாது" என்று சொல்லும் ஓர் ஆசிரியர், அல்லது முகத்துக்கு நேரே சாத்தப்படும் ஒரு கதவு. அவள் மனம் தளரவில்லை. பக்கத்தைத் திருப்பினால் அவள் "முதல் கறுப்பினப் பெண்" ஆகிவிடுகிறாள்; மேடை, பதக்கம், கைதட்டல். மனம் தளராததற்கும் பதக்கத்துக்கும் நடுவில் 20, 30 வருட வேலை இருக்கிறது. அந்த வேலை என்ன, அதில் எது கடினம், எந்த இடத்தில் அவருக்குப் பிடி கிடைத்தது என்பது மட்டும் புத்தகத்தில் இருக்காது. அதே அலமாரியில் இரண்டு தட்டு தள்ளிப் போனால் எடிசன் புத்தகத்தில் விளக்கின் இழை இருக்கிறது. ரைட் சகோதரர்கள் புத்தகத்தில் இறக்கையை எப்படி முறுக்கி விமானத்தைச் சாய்த்தார்கள் என்று அம்புக்குறி போட்ட படம் இருக்கிறது. வெள்ளை ஆண்களிடமிருந்து பிள்ளைகள் அறிவியலைக் கற்றுக்கொள்கிறார்கள். கறுப்பினப் பெண்களிடமிருந்து விடாமுயற்சியைக் கற்றுக்கொள்கிறார்கள். இந்தப் பங்கீடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

மே ஜெமிசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992 செப்டம்பர் 12 அன்று எண்டெவர் விண்கலத்தில் புறப்பட்டவர். விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண். சின்ன வகுப்பில் விஞ்ஞானி ஆவேன் என்று அவர் சொன்னபோது, "நர்ஸ் என்றுதானே சொல்ல வந்தாய்?" என்று ஆசிரியை கேட்ட சம்பவத்தைப் புத்தகங்கள் விடுவதே இல்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. சிறுமியாக இருந்தபோது கட்டைவிரலில் சிராய் ஏறிச் சீழ் பிடித்துக்கொண்டது. அவர் அம்மா அதையே ஒரு பாடமாக்கிவிட்டார். சீழ் என்றால் என்ன என்று தேடத் தொடங்கிய ஜெமிசன், அதைப் பற்றி ஒரு முழுத் திட்டப்பணியே செய்து முடித்தார். இதை 8 வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே நெருங்கி வந்து உட்காருவார்கள். கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்களும் அதில் இருக்கின்றன என்றதும் தங்கள் முழங்காலில் காய்ந்துகொண்டிருக்கும் காயத்தைக் குனிந்து பார்ப்பார்கள். "நர்ஸா?" என்ற கேள்வியிலிருந்து நமக்குத் தெரியவருவது அந்த ஆசிரியை. ஜெமிசனைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சீழிடம்தான் போக வேண்டும்.

கரும்பலகையில் இருந்தது

கேத்தரின் ஜான்சனைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தை ஒரு சனிக்கிழமை வாசித்துக்கொண்டிருந்தேன். நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் விண்கலங்களின் பாதையைக் கணக்கிட்ட அவரை இதைப் படிப்பவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துக்கு விரிந்த ஓவியம் ஒன்றில், பெரிய கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸுடன் நிற்கிறார். பலகை நிறையக் குறிகள். பாட்டியோடு வரும் ஒரு சிறுமி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் கறுப்பினக் குழந்தை, எழுந்து வந்து படத்தின் மேல் விரலை வைத்தாள். "இது நிஜமான கணக்கா?" என்று கேட்டாள். என் மகளும் இன்னொரு பையனும் எட்டிப் பார்த்தார்கள். ஓவியர் அழகுக்காக நிரப்பிய குறிகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பில்லை. "சும்மா வரைஞ்சிருக்காங்க" என்றான் பையன். அவள் விடவில்லை. "அப்போ அவங்க போட்ட கணக்கு என்ன?"

மேசையில் இருந்த மற்றப் புத்தகங்களையும் எடுத்துப் புரட்டினோம். கடினமான கணக்கு என்று ஒன்று சொன்னது, விண்வெளிக் கணக்கு என்று இன்னொன்று சொன்னது. எது கடினம் என்று எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அந்த நிமிடத்தில் விடை தெரியாது. ஆனால் நான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த குறையை அவள் ஒரே கேள்வியில் போட்டு உடைத்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. கேத்தரின் ஜான்சனே கேட்டிருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடிய கேள்வி அது. சின்ன வயதில் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணியவர் அவர்: சாலைக்குப் போகும் அடிகள், தேவாலயத்துப் படிகள், கழுவி வைக்கும் தட்டுகள். 10 வயதில் உயர்நிலைப் பள்ளி, 18 வயதில் கல்லூரிப் பட்டம் என்று புத்தகங்கள் வியப்பது சரிதான். அந்த ஓட்டம் எதை நோக்கி என்பதையும் சொல்லியிருக்கலாம். எண்கள் அவருக்குப் பிடிக்கும். மனசு நிறையப் பிடிக்கும். அதைக் கழித்துவிட்டு அவரை அறிமுகப்படுத்தினால், மிச்சம் இருப்பது யாராகவும் இருக்கலாம்.

விடை ஒன்றும் ஒளிந்துகிடக்கவில்லை. 1960 செப்டம்பரில் நாசா வெளியிட்ட ஒரு தொழில்நுட்ப அறிக்கை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். எழுதியவர்கள் பொறியாளர் டெட் ஸ்கோபின்ஸ்கியும் கேத்தரின் ஜான்சனும். ஒரு செயற்கைக்கோள் பூமியில் நாம் தேர்ந்தெடுத்த ஓர் இடத்துக்கு மேலே வந்து சேர வேண்டுமானால், ராக்கெட்டின் எரிபொருள் எரிந்து முடிகிற நொடியில் அது எந்தத் திசைக்கோணத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும்? இதுதான் அந்த அறிக்கையின் கேள்வி. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் அமெரிக்காவின் முதல் முயற்சியான மெர்க்குரித் திட்டத்தின் கலம் ஓடுதளம் தேடி வளைந்து வந்து இறங்கக்கூடியது இல்லை. பாராசூட்டில் தொங்கி வந்து கடலில் விழும். விழும் இடத்தில் கப்பல்கள் காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஒரு மனிதர். இதை ஜான்சன் கடைசியிலிருந்து பிடித்தார். எங்கே, எப்போது இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள். எப்போது கிளம்ப வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று சொன்னதாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தின் உலக உருண்டையை மேசையில் வைத்தோம். நூலை ஒரு வளையமாக்கி, புளோரிடாவின் கேப் கனாவரல் மேலே போகும்படி சாய்வாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். கலம் நூலின் மேலேயே ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 90 நிமிடம். நூலை அசைக்காமல் பிடித்துக்கொள்ள ஒருவர், உருண்டையை மெதுவாகக் கிழக்கே திருப்ப இன்னொருவர். ஒரு சுற்று முடிந்து கலம் கிளம்பிய இடத்துக்கே வந்தபோது, அதன் கீழே புளோரிடா இல்லை. டெக்சாஸும் மெக்சிகோவும் சந்திக்கும் எல்லைப் பக்கம் வந்துவிட்டிருந்தது. "பூமி நகர்ந்துடுச்சு!" என்று கத்தினாள் மூன்றாம் வகுப்புக்காரி. எவ்வளவு நகர்ந்தது என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். 360 பாகையை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 15. ஒன்றரை மணி நேரத்துக்கு இருபத்திரண்டரை. இதை நான் சொல்லித்தரவில்லை, என் மகள் தாளில் வகுத்தாள், மற்றவர்கள் சரிபார்த்தார்கள். பூமி முழு உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது, அதுவும் கலத்தின் பாதையை இழுக்கும், அந்த அறிக்கை அதையும் கணக்கில் எடுத்தது என்று சொன்னபோது அறையில் ஒரு மரியாதை வந்தது. அவர் பதக்கம் வாங்கிய பக்கத்தை வாசித்தபோது வராத மரியாதை.

இதற்குப் பிறகுதான் விண்வெளி வீரர் ஜான் கிளென் கதைக்கே அர்த்தம் வந்தது. 1962இல் அவர் பூமியைச் சுற்றப் போவதற்கு முன்னால், மின்னணுக் கணினி தந்த எண்களை அந்தப் பெண் கையால் சரிபார்க்கட்டும், அவர் சரி என்றால் நான் கிளம்பத் தயார் என்றார். இந்தச் சம்பவத்தை எல்லாப் புத்தகமும் சொல்கிறது. வழக்கமாகப் பிள்ளைகள் அதை ஒரு பாராட்டாகக் கேட்டுக்கொள்வார்கள். இந்த முறை, உருண்டையும் நூலும் இன்னும் மேசையில் இருக்க, மூன்று சுற்றுக்கும் அத்தனை எண்களை மேசைக் கணக்குப் பொறியில் தட்டித் தட்டிப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்றுதான் கேட்டார்கள். ஒன்றரை நாள். பிப்ரவரி 20 அன்று கிளென் மூன்று சுற்று முடித்து, 4 மணி 55 நிமிடத்தில் கடலில் இறங்கினார்.

பலகையைக் கழற்றியவர்

வேலை என்னவென்று தெரிந்துவிட்டால் அநியாயமும் கூர்மையாகத் தெரிகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த 1960 அறிக்கைதான் அவருடைய பிரிவில் ஒரு பெண்ணின் பெயரை ஆசிரியராகப் போட்டு வந்த முதல் அறிக்கை. அதற்கு முன்னால் பெண்கள் கணக்குப் போடுவார்கள், பொறியாளர்களின் பெயர் அச்சாகும். அறிக்கைகளைப் பற்றி விவாதிக்கும் கூட்டங்களுக்கு நானும் வரலாமா என்று ஜான்சன் கேட்டபோது, பெண்கள் வருவதில்லை என்றார்கள். வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். ஸ்கோபின்ஸ்கி வேறிடம் போகவிருந்த நேரத்தில், பெரும்பாலான வேலையைச் செய்தது கேத்தரின்தான், அவரே முடிக்கட்டும் என்று மேலதிகாரியிடம் சொன்னார். உருண்டையைச் சுற்றி நூல் பிடித்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "அவங்கதானே போட்டாங்க? பெயர் போடாம எப்படி?" என்று அவர்களுக்கே கோபம் வருகிறது. இது தப்பு என்று நாம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

லாங்லியில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களைப் பற்றி 2016இல் வந்த 'ஹிடன் ஃபிகர்ஸ்' படத்தில் எல்லோருக்கும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. கழிப்பறை வாசலில் மாட்டியிருக்கும், நிறம் பார்த்து ஒதுக்கும் பலகையை வெள்ளை மேலதிகாரி கடப்பாரையால் அடித்துப் பெயர்த்தெறிவார். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த அதிகாரியே கற்பனைப் பாத்திரம். ஜான்சன் பலகை மாட்டாத கழிப்பறையையே ஆரம்பத்திலிருந்து பயன்படுத்தினார், யாரோ முறையிட்ட பிறகும் அதையே பயன்படுத்தினார். பலகையைக் கழற்றிய நிஜக் கதை வேறு ஒருவருடையது. படத்துக்கு மூலமான புத்தகத்திலேயே அது இருக்கிறது. 1943இல் லாங்லியில் வேலைக்குச் சேர்ந்தவர் மிரியம் மான். உணவுக்கூடத்தின் பின்பக்க மேசை ஒன்றில், கணக்குப் போடும் கறுப்பினப் பெண்கள் உட்கார வேண்டிய இடம் என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். மான் அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சில நாளில் புது அட்டை வந்தது. அதையும் எடுத்துக்கொண்டார். மறுபடி வந்தது, மறுபடி எடுத்தார். வேலை போய்விடுமோ என்று அவர் கணவர் பயந்தார். ஒரு நாள் அட்டை மறைந்தது. அதன் பிறகு புது அட்டை வரவில்லை.

கடப்பாரைக் காட்சியில் அந்தப் பெண்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். செய்பவர் வேறொருவர். திரைக்கதைக்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் 9 வயதுப் பெண் குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டு போவது, நல்லவர் ஒருவர் வந்து உடைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை. கைப்பைக் கதையைக் கேட்ட பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் என் மகள் கேட்டாள், அந்த அட்டையைத் திரும்பத் திரும்ப அச்சடித்து வைத்தவர்களுக்கு அது யார் எடுக்கிறார்கள் என்று தெரியாதா என்று. நல்ல கேள்வி. அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம்.

அன்று கூட்டம் முடிந்ததும் அந்தச் சிறுமியின் பாட்டி என்னிடம் வந்தார். பிள்ளைகள் கணக்குப் போட்டதில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார். "வேலையைச் சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. அதுக்காகக் கதவைச் சாத்தினதைச் சின்னதாக்கிடாதீங்க. அறிவு இருந்தா யாரும் தடுக்க முடியாதுன்னு இவ நினைச்சுக்கிட்டு வளரக் கூடாது. தடுத்தாங்க. அறிவு இருந்த நிறையப் பேரைத் தடுத்தாங்க." இது எனக்குள் ஆழமாக இறங்கியது. லாங்லியில் கணக்குப் போட்ட இன்னொரு கறுப்பினப் பெண்ணான டோரதி வாகன் அங்கே வரும் முன் கணித ஆசிரியையாக இருந்த ஃபார்ம்வில் ஊர் எங்களிடமிருந்து தூரமில்லை. அந்த ஊர் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்பினப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கக் கூடாது என்பதற்காக 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளை மொத்தமாக மூடியே வைத்தார்கள். வாகனைப் போன்ற ஓர் ஆசிரியையிடம் கணக்குப் படித்திருக்க வேண்டிய எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வருடங்களில் பள்ளியே இல்லை. வென்றவர்களின் கதையை மட்டும் வரிசையாகச் சொன்னால், இந்தப் பிள்ளைகள் எங்குமே வரமாட்டார்கள்.

வேலையையும் தடையையும் தனித்தனியாகச் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது ஆனி ஈஸ்லி நினைவுக்கு வந்தார். பின்னாளில் நாசாவின் அங்கமான கிளீவ்லாந்து ஆய்வகத்தில் 1955இல் சேர்ந்த கறுப்பினப் பெண். முதலில் கையால் கணக்கு, பிறகு கணினி நிரல்கள். திரவ ஹைட்ரஜனில் ஓடிய சென்டார் ராக்கெட்டுக்கும், பேட்டரியில் ஓடும் வாகனங்களைப் பற்றிய ஆய்வுகளுக்கும் நிரல் எழுதியவர். ஆய்வகத்தைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்க வரும் நாளுக்காக ஒரு முறை அவர் குழுவின் புகைப்படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் படத்தில் இருக்கிறார்கள், அவரை மட்டும் காணோம். வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். 2001இல் கொடுத்த ஒரு நீண்ட நேர்காணலில் இதை அவரே சொல்லியிருக்கிறார். உங்களோடு சேர்ந்து வேலை செய்ய முடியாவிட்டால் உங்களைச் சுற்றிக்கொண்டு போய் என் வேலையைச் செய்வேன் என்பது அவர் வழி. இதை வாசித்தபோது ஒரு பையன், கத்தரித்தவரின் பெயர் தெரியுமா என்று கேட்டான். தெரியாது. "அவரும் அங்கேதானே வேலை பார்த்திருப்பார்?" என்றான் அவன். பாட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நீரடிமுத்து

வெற்றியில் முடியாத கதைகளை இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று தன்னார்வலர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. நான் சொல்லலாம் என்ற கட்சி. அதற்குக் காரணம் ஆலிஸ் பால். 1892இல் சியாட்டிலில் பிறந்தவர். 1915இல் ஹவாயில் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து மொலோகாய் தீவின் கலாவுபாப்பாவுக்கு அனுப்பிவிடுவார்கள். இருந்த ஒரே நம்பிக்கை சால்முக்ரா எண்ணெய். நம் சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்கும் தொழுநோய்க்கும் பயன்படும் நீரடிமுத்து இருக்கிறதே, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம், அதன் நெருங்கிய சொந்தம்தான் சால்முக்ரா. இரண்டும் ஒரே பேரினம். அந்த எண்ணெயைக் குடித்தால் வாந்தி வரும், ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் கட்டி கட்டியாக நின்றுவிடும். எண்ணெய் பிசுபிசுப்பானது, உடலோடு கலக்காது. மருத்துவர் ஹாரி ஹோல்மன் இதைத் தீர்க்கும்படி பாலிடம் கேட்டார். அவர் எண்ணெயில் இருந்த கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, எத்தில் எஸ்டர்களாக மாற்றினார். அந்த வடிவில் ஊசி மூலம் ஏற்ற முடிந்தது, உடல் அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சிகிச்சையால் பலர் வீடு திரும்பினார்கள். 1940களில் புது மருந்துகள் வரும்வரை அதுவே புழக்கத்தில் இருந்தது.

ஆனால் தன் முறையை வெளியிடுவதற்குள், 1916 டிசம்பர் 31 அன்று, 24 வயதில் ஆலிஸ் பால் இறந்துவிட்டார். அதே கல்லூரியின் தலைவரான ஆர்தர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்தார், பால் பெயரைச் சொல்லாமல் வெளியிட்டார். உலகம் அதை டீன் முறை என்றது. 1922இல் ஹோல்மன் தன் கட்டுரையில் அது பாலின் முறை என்று எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் சால்முக்ரா மரத்தடியில் அவர் பெயருக்கு ஒரு பட்டயம் வைத்தார்கள். டீன் பெயரில் அதே வளாகத்தில் ஒரு கட்டடமே இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவருக்கு என்ன தண்டனை என்று கேட்டார்கள். தண்டனை இல்லை. இதுவரை கேட்ட கதைகளில் இல்லாத ஓர் அமைதியின்மை அவர்களிடம் வந்தது. அதை ஆற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்கிப் பார்த்தோம். எவ்வளவு கலக்கினாலும் திரும்பப் பிரிந்து மேலே வந்தது. பால் முன்னால் இருந்த சிக்கல் இதுதான் என்றேன். குப்பியைக் கைமாற்றிக் கைமாற்றிக் குலுக்கினார்கள்.

இது பழைய கதை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஜாய் புவோலம்வினியைப் பற்றியும் பேசுகிறோம். எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, முகம் கண்டறியும் மென்பொருள் தன் முகத்தைக் காணவில்லை என்று கவனித்தவர். வெள்ளை முகமூடி போட்டதும் கண்டுகொண்டது. அவரும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம்வரை. என் மகளும் கருநிறம்தான். இந்த எண்ணைக் கேட்டதும் அவள் வட்டத்தில் இன்னும் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். சோதனைக்கான படங்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டாள். ஆப்பிரிக்க நாடுகள் மூன்று, ஐரோப்பிய நாடுகள் மூன்று. அங்கெல்லாம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் படங்கள். எல்லோர் கண்ணுக்கும் பொதுவில் இருக்கும் படங்களை வைத்தே ஒரு பெரிய பிழையை அளந்துகாட்ட முடியும் என்பது, "நீயும் சாதிக்கலாம்" என்ற அட்டை வாசகத்தைவிட அவளுக்குப் பயன்படும்.

மேரி ஜாக்சனின் பிள்ளைகள்

இவர்கள் எல்லோரிலும் மேரி ஜாக்சனிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொள்கிறேன். ஹாம்ப்டனில் பிறந்தவர். லாங்லியில் ஒலியைவிட வேகமாகக் காற்றைச் செலுத்தும் 60,000 குதிரைத் திறன் கொண்ட, விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பொறியாளராவதற்கு வேண்டிய வகுப்புகள் வெள்ளையருக்கு மட்டுமான பள்ளியில் நடந்ததால், நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்கிப் படித்தார். 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர். புத்தகங்கள் அநேகமாக இங்கே முடிந்துவிடும். 1979இல் அவர் தன் பதவியிலிருந்து கீழிறங்கி, பெண்களுக்கான திட்டத்தின் மேலாளராக மாறிக்கொண்டார். தனக்கு அடுத்து வருபவர்களின் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் வழி செய்வதற்காக. அதற்கு முன்பே, 1970களில், ஹாம்ப்டனின் கிங் ஸ்ட்ரீட் சமூக மையத்தில் அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு காற்றுச் சுரங்கத்தையே கட்டினார். கறுப்பின விஞ்ஞானிகள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது, தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது, அதனால் இப்படி ஏதாவது செய்தாக வேண்டும் என்று அப்போது ஒரு செய்தித்தாளிடம் சொன்னார்.

இளம் வாசகர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்துவது எப்படி என்று நாம் இன்று கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு அவர் அன்றே செய்து காட்டிய பதில் அது. அந்தப் பிள்ளைகளிடம் அவர் தன் போராட்டங்களையும் சொல்லியிருக்கலாம். கையில் கொடுத்தது ஒரு காற்றுச் சுரங்கம்.

அதனால் நாங்களும் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். நீளமான அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் கண்ணாடித் தாள் ஒட்டிய ஜன்னல், காற்று நேராக நுழைவதற்கு வாயில் நெருக்கமாக அடுக்கிய ஸ்ட்ராக்கள். விசிறி காற்றை உள்ளே ஊதாமல் மறுமுனையிலிருந்து வெளியே இழுக்கும். ஊதினால் காற்று சுழன்றுகொண்டே வரும். நடுவில் காகித இறக்கை, அதன் மேல்பக்கம் வரிசையாக ஒட்டிய சின்னச் சின்ன நூல் துணுக்குகள். இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால், ஏதோ ஒரு கோணத்தில் காற்று மேல்பக்கத்தை விட்டுக் கிளம்பிவிடும், படிந்திருந்த நூல்கள் தாறுமாறாக ஆட ஆரம்பிக்கும். அது எந்தக் கோணம் என்பதில் இப்போதே இரண்டு கட்சி. என் மகள் 20 பாகை என்கிறாள். மூன்றாம் வகுப்புக்காரி 12ஐத் தாண்டாது என்கிறாள், காரணமும் சொல்கிறாள். பெட்டியின் ஜன்னல் இன்னும் ஒட்டி முடியவில்லை. வரும் சனிக்கிழமை விசிறியைப் போடுகிறோம்.